இலை உயரத்தில் வெளிச்சம்

பெரம்பலூரில் செடிக்கு விளக்கு மாட்டித் தருகிறேன் என்று சொன்னால் முதலில் சிரிப்பார்கள். சித்திரையில் தார் இளகுகிற ஊர். பருத்தியும் மக்காச்சோளமும் மானாவாரியில் விளைகிற மண். இங்கே போய் வெளிச்சத்தை விலைக்கு வாங்குவார்களா? வாங்குகிறார்கள். முற்றம் வைத்த ஓட்டு வீடுகள் குறைந்துபோய், இப்போது கட்டுகிற வீடுகளெல்லாம் வெயிலை வெளியே நிறுத்துவதற்கென்றே கட்டப்படுகின்றன. கறுப்புக் கண்ணாடி, கொசுவலை, அதற்கு மேல் திரைச்சீலை, போதாக்குறைக்குப் பக்கத்து மனையில் ஒட்டி எழும்பிய சுவர். அந்த ஹாலின் மூலையில், நர்சரியில் ஆசையாக வாங்கிய அக்லோனிமாவைக் கொண்டுபோய் வைப்பார்கள். சில மாதம் கழித்து, "மண்ணு சரியில்லைங்க" என்று நர்சரிக்காரரிடம் சண்டைக்குப் போவார்கள்.

கூப்பிட்ட வீட்டுக்குப் போன உடனே பையிலிருந்து நான் எடுப்பது டெஸ்டரை அல்ல, வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் மீட்டரை. வெளிச்ச விஷயத்தில் மனிதக் கண்ணை நம்பவே கூடாது. நண்பகலில் வெட்டவெளியில் ஒரு லட்சம் லக்ஸ் இருக்கும். ஜன்னலை ஒட்டி, நேர்வெயில் படாத இடத்தில் சில ஆயிரம். அங்கிருந்து ஏழெட்டு அடி உள்ளே நகர்ந்தால் சில நூறுதான். வெட்டவெளியில் இருப்பதில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் கண்மணி விரிந்து கொடுத்துவிடுவதால் நமக்கு அந்த வித்தியாசம் தெரிவதில்லை. "நல்லா வெளிச்சமாத்தானேண்ணே இருக்கு" என்பார்கள். பேப்பர் படிக்க அது நல்ல வெளிச்சம்தான். இலைக்கு விரிந்து கொடுக்கிற கண்மணி கிடையாது.

நான் வயரிங் வேலைக்கு வந்தபோது பெரம்பலூர் திருச்சி மாவட்டத்தில் இருந்தது. 1995இல் தனி மாவட்டம் ஆனது. அரியலூர் அதிலிருந்து 2001இல் பிரிந்து, அடுத்த ஆண்டே மீண்டும் சேர்ந்து, 2007இல் மறுபடியும் பிரிந்தது. மாவட்டம் பிரிந்தால் அலுவலகங்கள் வரும், பின்னாலேயே வங்கியும் மருத்துவமனையும் வரும், அவற்றில் ஏ.சி. அறை வரும். ஏ.சி. அறை என்றால் அழகுக்கு ஒரு தொட்டிச் செடி இல்லாமல் எப்படி? என் பிழைப்பில் பாதி அப்படி வந்ததுதான்.

வேலையைக் கற்றுக்கொண்டது தொட்டிச் செடியில் அல்ல, வாழையில். திருச்சியில் 1993இல் வாழைக்கென்றே தேசிய ஆராய்ச்சி மையம் வந்தது. பிறகு ஜி-9 வாழையின் திசு வளர்ப்புக் கன்றுக்குக் கிராக்கி ஏறியதும் தனியார் ஆய்வகங்களும் முளைத்தன. அப்படி ஒன்றில் வயரிங் கையாளாக நுழைந்தேன். கன்று வளர்கிற அறைக்குள் முதன்முதலாகப் போனவர்களுக்குக் கண் கூசும். சுவரோடு சுவராக இரும்பு ரேக்குகள், ஒவ்வொரு தட்டுக்கும் தலைக்குமேல் 40 வாட் டியூப்லைட்கள், கீழே வரிசையாகக் கண்ணாடி பாட்டில்கள், பாட்டிலுக்குள் விரல் நீளத்துக்குப் பச்சைப் பசேலென்று வாழை. அறையில் எப்போதும் 25 டிகிரி. பதினாறு மணி நேரம் விளக்கு, எட்டு மணி நேரம் இருட்டு.

நூற்றுக்கணக்கான டியூப்கள் எரிந்த அந்த அறைக்குள் ஒரு சோக்கைக்கூடப் பார்க்க முடியாது. எல்லாவற்றையும் வெளி வராந்தாவில் பலகை அடித்து மாட்டி, சுவரைத் துளைத்து ஒயரை மட்டும் உள்ளே விட்டிருந்தார்கள். ஏன் இவ்வளவு ஒயரை வீணாக்குகிறார்கள் என்று எங்கள் மேஸ்திரியிடம் கேட்டேன். "சோக்கு ஒவ்வொண்ணும் ஒரு குட்டி அடுப்புடா. உள்ள வெச்சா அந்தச் சூட்டை வெளிய தள்ள ஏ.சி. ஓடணும். அந்தக் கரண்டுக்கு யாரு பில்லு கட்டுறது?" என்றார். செடிக்கு விளக்கு போடுகிறவன் வெளிச்சத்தோடு சேர்ந்து வருகிற சூட்டுக்கும் வழி செய்ய வேண்டும் என்று அன்றைக்குப் புரிந்தது. இன்று சோக் போய் எல்.இ.டி. டிரைவர் வந்துவிட்டது. சூடு குறைந்தாலும் போகவில்லை. மே மாதத்தில் மூடிய மர அலமாரிக்குள் விளக்கைப் பூட்டினால் முதலில் சாவது எல்.இ.டி. சில்லு அல்ல, டிரைவருக்குள் இருக்கும் கெப்பாசிட்டர். டிரைவர் தனியாக வருகிற விளக்கு என்றால் இன்றைக்கும் அதை அலமாரிக்கு வெளியேதான் மாட்டுகிறேன்.

அதே ஆய்வகத்தில் தெரிந்துகொண்ட இன்னொன்று இதைவிடப் பெரியது. அந்தத் தட்டுகளில் பாட்டில் மட்டத்தில் இரண்டாயிரம், மூவாயிரம் லக்ஸ்தான் இருக்கும். வெட்டவெளி வாழை வாங்குகிற வெயிலுக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை. அதில் எப்படிக் கன்று இவ்வளவு செழிப்பாக நிற்கிறது? விடை பாட்டிலின் அடியில் இருக்கிற கூழில். 1962இல் முராஷிகே, ஸ்கூக் என்ற இருவர் வகுத்த உப்புக் கலவைதான் அதற்கு அடிப்படை. அதில் லிட்டருக்கு முப்பது கிராம் சர்க்கரை சேர்ப்பார்கள். கன்று வெளிச்சத்தைக் கொண்டு சமைத்துச் சாப்பிடவில்லை, சர்க்கரையை உறிஞ்சி வளர்கிறது. விளக்கு அங்கே உருவத்துக்கும் பச்சைக்கும்தான். பாட்டிலை விட்டு வெளியே வந்து, நிழல்வலைக் கூடாரத்தில் மண்ணில் கால் ஊன்றிய பிறகுதான் அது தானே சமைக்கக் கற்கிறது. பழகும்வரை எத்தனை கன்றுகள் துவண்டு சரியும் என்பது அங்கே வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இதை நீட்டிச் சொல்லக் காரணம், "ஆய்வகத்திலேயே இரண்டாயிரம் லக்ஸ்தான் வைக்கிறாங்களாம்" என்று எங்கோ கேட்டுவிட்டு, அதே அளவில் கத்தரி, தக்காளி நாற்றுக்கு விளக்கு போடுகிறவர்கள் இங்கே நிறையப் பேர். நாற்று நூலாக நீண்டு, வெளுத்து, விளக்கைப் பார்த்துச் சாய்ந்து நிற்கும். வீட்டுத் தொட்டியில் யாரும் சர்க்கரை போடுவதில்லை.

ஆக, செடிக்கு விளக்கு என்பது சாப்பாடு. எவ்வளவு பரிமாறினோம் என்று கணக்குப் பார்க்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. செடி பயன்படுத்துவது 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான ஒளியை. ஒரு சதுர மீட்டரில் ஒரு நொடிக்கு அந்த ஒளித்துகள்கள் எத்தனை விழுகின்றன என்பதை மைக்ரோமோலில் சொல்வார்கள். அதை நேரடியாக அளக்கும் கருவி விலை அதிகம். வெள்ளை எல்.இ.டி. என்றால் லக்ஸை 70ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட வந்துவிடும். சூரிய ஒளிக்கு 54. அந்த எண்ணை விளக்கு எரிகிற நொடிகளால் பெருக்கினால் ஒரு நாள் சாப்பாடு, அதை மோலில் சொல்வார்கள். ஏழாயிரம் லக்ஸ் என்றால் 100 மைக்ரோமோல். பன்னிரண்டு மணி நேரம் எரித்தால் நாளுக்கு 4.3 மோல். வெட்டவெளியில் நல்ல வெயில் நாளில் 40 மோல் வரும். நிழல் பொறுக்கும் மணி பிளான்ட், ஸ்நேக் பிளான்ட் வகையறா ஒன்று இரண்டு மோலில் உயிரைப் பிடித்துக்கொள்ளும், நாலைந்து கிடைத்தால் புது இலை விடும். நாற்றுக்குப் பத்துக்கு மேல் வேண்டும். காய்கறி காய்க்க வேண்டும் என்றால் இருபது, முப்பது. அந்தக் கணக்கு வீட்டுக்குள் கட்டுப்படியாகாது, மாடிக்குப் போய்விடுங்கள் என்று சொல்லிவிடுவேன்.

அரியலூரில் ஒரு மருத்துவரின் கிளினிக்குக்குக் கூப்பிட்டிருந்தார்கள். காத்திருப்பு அறையில் வரிசையாக இசட்-இசட் செடிகள், நடுவே பீஸ் லில்லி. லில்லி எல்லாம் தொங்கிப்போய்விட்டன, இசட்-இசட் மட்டும் வாங்கியபடியே நிற்கிறது. இலை உயரத்தில் மீட்டரை வைத்தால் 150 லக்ஸ். கணக்குப் போட்டால் நாளுக்கு பத்தில் ஒரு மோல்கூட இல்லை.

"அப்ப இது மட்டும் எப்படி நல்லா இருக்கு?" என்றார் மருத்துவர்.

"நல்லா இல்லைங்க சார். அடியில கிழங்கு இருக்கு. அதுல சேத்து வெச்சதைத் தின்னுக்கிட்டிருக்கு. தீர்ந்ததும் தெரியும்."

"லில்லிக்குத் தினமும் தண்ணி ஊத்தச் சொல்லித்தான் வெச்சிருக்கேன்."

அதுதான் லில்லியைக் கொன்றது. வெளிச்சம் குறைந்தால் செடி தண்ணீர் இழுப்பதும் குறையும். மண் காயாமல் மேலே மேலே ஊற்றினால் வேர் அழுகும். வீட்டுக்குள் செத்த செடிகளைத் தொட்டியிலிருந்து கவிழ்த்துப் பாருங்கள், காய்ந்து செத்தவை குறைவு, முழுகிச் செத்தவைதான் அதிகம். விளக்கு போட்ட பிறகு நேர்மாறாக நடக்கும். பழைய அளவிலேயே ஊற்றினால் போதாமல் போகும். அதனால் விளக்கு மாட்டிய வீட்டில், மண்ணில் விரலை விட்டுப் பார்த்துத்தான் ஊற்ற வேண்டும் என்று சொல்லாமல் நான் கிளம்புவதில்லை.

எந்த விளக்கு வாங்குவது என்று கேட்கிறவர்கள் எல்லோரும் வாட்டைக் கேட்பார்கள், உயரத்தைக் கேட்பவர் யாரும் இல்லை. 9 வாட் பல்பு ஒன்று சீலிங்கில் எரிந்தால் கீழே தரையில் வைத்த செடிக்கு நூறு லக்ஸ் சேர்வதே அரிது. அதே பல்பை இலைக்கு ஓரடி மேலே இறக்கினால் இரண்டாயிரம் காட்டும். பல்பு என்பது ஒரு புள்ளி. தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நாலில் ஒன்றாகிவிடும். நாலடி டியூப் அப்படி இல்லை. அது நீளமானது என்பதால், கிட்டத்தில் தூரம் இரட்டித்தால் வெளிச்சம் பாதிதான் குறையும். வரிசையாகத் தொட்டி வைக்கிறவர்களுக்கு டியூப்தான் சரி. ஒற்றைத் தொட்டிக்கு பல்பு, அதற்கொரு தொங்கும் ஹோல்டர் போதும். சரவிளக்கு மாதிரி அழகாக வருகிற "செடி விளக்கு"களில் பாதிக்கு மேல் மேசை விளக்கின் வேலையைத்தான் செய்யும்.

நான் வழக்கமாக அமைப்பது இதுதான். நாலடி நீளம், ஒன்றரை அடி அகலத்தில் ஸ்லாட்டட் ஆங்கிள் ரேக். தட்டுக்கு 20 வாட் எல்.இ.டி. டியூப் மூன்று, பக்கத்தில் பக்கத்தில். இரண்டு முனையிலும் சங்கிலி, எஸ் கொக்கி. செடி வளர வளர கண்ணியை மாற்றி விளக்கை ஏற்றிக்கொள்ளலாம். ஓரடி உயரத்தில் ஆறாயிரம், ஏழாயிரம் லக்ஸ் கிடைக்கும். மூன்று பக்கமும் வெள்ளை பெயின்ட் அடித்த பலகையோ தெர்மோகோலோ வைத்தால் ஓரத்தில் இருக்கும் தொட்டிகளுக்கும் பங்கு கிடைக்கும். பளபளவென்று அலுமினியத் தாள் ஒட்டச் சொல்வார்கள். கசங்கிய தாளைவிட மங்கலான வெள்ளை பெயின்ட் நன்றாகத் திருப்பி அனுப்பும், சுத்தம் செய்வதும் சுலபம். 6500 கெல்வின் வெள்ளையா, 4000ஆ என்று கேட்டால், கடையில் இருப்பதை வாங்குங்கள், கண்ணுக்கு இதமானதை வையுங்கள். அந்த வித்தியாசம் வீட்டுச் செடிக்குப் பெரிதில்லை.

ஊதா விளக்கைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரை நிறைவாகாது. சிவப்பு எல்.இ.டி.யும் நீல எல்.இ.டி.யும் கலந்து, வீட்டையே நாடகக் கொட்டகையாக்கும் விளக்கு. பச்சை ஒளியை இலை திருப்பி அனுப்பிவிடுகிறது, அதனால் அது செடிக்கு வீண் என்ற எண்ணத்தில் பிறந்தது. இலையை அரைத்துப் பச்சையத்தைக் கரைத்து அளந்தால் அப்படித்தான் தெரியும். முழு இலையை வைத்து அளந்தவர் டெக்சாஸைச் சேர்ந்த மெக்ரீ. 1972இல் 22 பயிர்களை எடுத்து நிறம் நிறமாகச் சோதித்தார். பச்சை ஒளியையும் இலை நன்றாகவே பயன்படுத்துகிறது என்று தெரிந்தது. திரும்பி வருவது கொஞ்சம்தான், மீதி இலைக்குள் ஆழம் வரை போய் வேலை செய்கிறது. பெரிய பண்ணைகளில் சிவப்பும் நீலமும் போடுவதற்கு மின்சாரச் சிக்கனம் என்று ஒரு நியாயம் இருக்கிறது. மூன்று தொட்டி வைத்திருக்கும் வீட்டுக்கு அது கிடையாது. ஊதா வெளிச்சத்தில் இலை மஞ்சளாவது கண்ணுக்குத் தெரியாது. தெரிகிறபோது வைத்தியம் தாண்டிப் போயிருக்கும்.

வெள்ளை எல்.இ.டி.யே நீலச் சில்லின் மேல் மஞ்சள் பூச்சு பூசியதுதான். அந்த நீலச் சில்லுக்காகத்தான் அகாசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014இல் நோபல் பரிசு கிடைத்தது. அடுத்த ஆண்டு நம் நாட்டில் உஜாலா திட்டம் வந்து பல்பு விலை சரிந்தது. இல்லாவிட்டால் பெரம்பலூர்ப் பாலக்கரைக் கடைகளில் செடிக்கு விளக்கு வாங்குகிற நிலைமை வந்திருக்காது.

நேரம். பன்னிரண்டிலிருந்து பதினாலு மணி நேரம் போதும். இருபத்துநாலு மணி நேரமும் எரியவிட்டால் சீக்கிரம் வளரும் என்று நினைக்கிறவர்கள் தக்காளி நாற்றில் அதைச் செய்து பார்த்தால் இலை வெளுத்துப் புள்ளி விழும். டைமர் வைக்கும்போது வட்ட டயல் டைமரை நான் தவிர்ப்பேன். மலிவுதான், ஆனால் கரண்ட் போனால் அதுவும் நின்றுவிடும். கிராமத்துப் பக்கம் மதியம் இரண்டு மணி நேரம் போய் வந்தால் டைமரும் இரண்டு மணி நேரம் பின்தங்கும். ஒரு மாதத்தில் விளக்கு நடுராத்திரியில் எரிந்துகொண்டிருக்கும். உள்ளே பேட்டரி வைத்த டிஜிட்டல் டைமர்தான் நம் ஊருக்கு ஏற்றது. காலை ஐந்துக்கு ஏற்றி மாலை ஆறுக்கு அணைத்துவிடுவேன். மழைக்காலத்தில் இரவு விளக்கு எரிந்தால் ஈசல் மொத்தமும் வீட்டுக்குள் வந்து தொட்டியில் விழும், அதைத் தேடிப் பல்லி வரும். பல்லி டியூப் பட்டிக்குள் புகுந்து கனெக்டரில் மாட்டிச் சுட்டுப்போன கதைகள் எந்த எலக்ட்ரீஷியனிடம் கேட்டாலும் கிடைக்கும்.

ஜெயங்கொண்டம் பக்கம் ஒரு டீச்சரம்மா. வாசலில் நாலு தொட்டி செவ்வந்தி, கொத்துக் கொத்தாக இலை, மொட்டே கிடையாது. "வெளிச்சம் பத்தலை போல, ஒரு லைட்டு போட்டுக் குடுங்க தம்பி" என்று போன். போய்ப் பார்த்தால் நேர்மேலே போர்ட்டிகோ பல்பு. திருட்டுப் பயத்தில் அதை ராத்திரி முழுக்க எரியவிடுகிறார்கள். செவ்வந்திக்கு நீண்ட இருட்டு வேண்டும். இரவின் நீளத்தை வைத்துத்தான் பூக்கும் காலத்தை அது கணக்கிடும். செடிகளில் இப்படி ஒன்று இருப்பதை 1920இல் அமெரிக்காவில் கார்னர், அல்லார்டு இருவரும் ஒரு புகையிலை ரகத்தை வைத்துக் கண்டார்கள். சாப்பாட்டுக்கு ஆயிரக்கணக்கில் லக்ஸ் வேண்டும். ஆனால் இது பகல் என்று செடியை நம்பவைக்க நூறு லக்ஸ் போதும். வாசல் பல்பு அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தது. கோலார், சிக்கபல்லாபுரா பக்கம் விவசாயிகள் இதையே தொழிலாக்கி, ராத்திரியில் செவ்வந்தித் தோட்டம் முழுக்கப் பல்பு கட்டி எரிக்கிறார்கள். தண்டு நீளும்வரை பூக்காமல் பிடித்து வைத்து, விலை கிடைக்கிற நாளுக்குப் பூக்கவைப்பதற்காக. டீச்சரம்மாவுக்கு விளக்கு எதுவும் போடவில்லை. தொட்டிகளை வீட்டின் பின்பக்கம், ராத்திரி இருட்டாக இருக்கிற இடத்துக்கு நகர்த்திவிட்டு வந்தேன். கார்த்திகையில் பூத்ததாகப் போன் வந்தது.

அரியலூருக்கென்று தனியாக ஒரு பாடம் உண்டு. சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் ஓடுகிற சாலையை ஒட்டிய வீடுகளில் விளக்கு மேலும் இலை மேலும் மெல்லிய வெண்படலம் படியும். மீட்டரில் பார்த்தால் மாட்டிய நாளில் இருந்த லக்ஸ் இருக்காது. பழுதென்று நினைத்துக் கூப்பிடுவார்கள். சுவிட்சை அணைத்து ஈரத் துணியால் டியூப்பைத் துடைத்தால் சரியாகிவிடும். இலையையும் துடைக்க வேண்டும். போர்த் தண்ணீரில் அல்ல, இங்கே அது கடினநீர். இலையில் தெளித்தால் காய்ந்ததும் அதுவே இன்னொரு வெண்படலம் ஆகும். மழைத்தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் நல்லது.

மின்சாரத்தைப் பற்றி நான் கறார். தண்ணீர் ஊற்றுகிற இடத்தில் மின்சாரம் இருக்கிறது என்பதை வீட்டார் மறந்துவிடுவார்கள், மாட்டுகிறவன் மறக்கக் கூடாது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தட்டின் அடியில் போட மாட்டேன், சுவரில் தொட்டிக்கு மேலே இருக்க வேண்டும். ஒயர் ப்ளக்குக்குள் ஏறுவதற்கு முன் கொஞ்சம் கீழே தொங்கி வளைந்து போக வேண்டும், அப்போதுதான் வழிகிற தண்ணீர் வளைவிலேயே சொட்டிவிடும். இரும்பு ரேக்குக்கு எர்த் கட்டாயம். 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாத வீட்டில் முதலில் அதைப் போடச் சொல்வேன். "செடிக்கு லைட்டு போடக் கூப்பிட்டா மெயின் போர்டையே மாத்தச் சொல்றாரு" என்று என்னைப் பற்றி ஒரு பேச்சு உண்டு.

செலவு? மூன்று டியூப், 60 வாட், பன்னிரண்டு மணி நேரம் என்றால் நாளுக்கு முக்கால் யூனிட்டுக்குச் சற்றுக் கீழே. இரண்டு மாத பில்லில் 43 யூனிட் ஏறும். ஏற்கெனவே ஏ.சி. ஓட்டி 500 யூனிட்டை ஒட்டி நிற்கிற வீட்டுக்கு இது சின்ன விஷயமல்ல. அந்தக் கோட்டைத் தாண்டினால் கீழ் அடுக்குகளின் விலையும் மாறிவிடும். பில்லைக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் எத்தனை டியூப் என்று முடிவு செய்வேன்.

சமீபத்தில் பெரம்பலூரிலேயே ஓர் அம்மா. புது வீடு, பூஜை அறை நடு வீட்டில், ஜன்னலே கிடையாது. அங்கேயே துளசி வைக்க வேண்டும், விளக்கு போட்டுத் தாருங்கள் என்றார். துளசி வெயில் குடிக்கிற செடி, பத்து மோலுக்கு மேல் கேட்கும். மீட்டரை வைத்துக் கணக்குச் சொன்னேன். ஐந்து டியூப், அரையடி உயரம், பதினாலு மணி நேரம்.

"அஞ்சு டியூப்லைட்டா? சாமி கண்ணு கூசாதா?"

"கூசுங்கம்மா. உங்களுக்கும் கூசும், ரெண்டு மாசத்துக்கு எண்பது யூனிட்டுக்கு மேல ஆகும்."

"அப்ப என்னதான் பண்றது?"

"பால்கனியில கிழக்குப் பக்கம் வெயில் விழுது பாருங்க. துளசியை அங்க வெச்சுடுங்க. காலையில நீங்கதான் தண்ணி ஊத்தப் போறீங்க, கும்பிடுறதையும் அங்கயே கும்பிட்டுக்கலாம். உள்ள வேணும்னா ஒரு ஸ்நேக் பிளான்ட்டு, ஒரே ஒரு பல்பு."

ஸ்நேக் பிளான்ட்டைப் பூஜை அறையில் வைக்கலாமா என்று மாமியாரிடம் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.